குடிக்கும் தம்பி, பால்வெட்டு, ஆறு நாள் கதை: திரைக்கதையில் தப்பு எங்கே?

1. குலசேகரம்_திரை

எல்லாருக்கும் வணக்கம். நாற்பது நிமிடப் படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதி முடித்தாயிற்று. படப்பிடிப்பு குமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு பக்கம். குடிநோயில் கிடக்கும் தம்பியைக் கைவிட முடியாத ஒரு அக்காவின் கதை. தம்பிக்கு 34 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரன், தினமும் இரண்டு குவார்ட்டர். அக்காவுக்கு 41, தக்கலையில் கட்டிக்கொடுத்தது. சுதந்திர தின லீவுக்கு வீட்டுக்கு வருகிறாள். கதை ஆகஸ்ட் 14 முதல் 19 வரை.

சந்தேகம் உள்ள காட்சிகளை மட்டும் போடுகிறேன்.

காட்சி 3: ஆகஸ்ட் 15 காலை பத்து மணி. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். தம்பி டாஸ்மாக்கில் குவார்ட்டர் வாங்கிக்கொண்டு வருகிறான்.
காட்சி 4: அக்கா அவனை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறாள். ராத்திரி முழுக்க வியர்க்கிறான், கத்துகிறான். விடியும்போது தெளிந்து அழுகிறான்.
காட்சி 6: தோட்டத்தில் வலிப்பு. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க, நின்றுவிடுகிறது.
காட்சி 7: வேனில் நாலு பேர் வந்து அவனைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.
காட்சி 8: ஆஸ்பத்திரியில் பாம்பு பாம்பு என்று அலறுகிறான்.
காட்சி 10: வீட்டுக்கு வந்தபின் அக்கா மீன்கறியில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறாள். குடித்ததும் வாந்தி. அத்தோடு குடியை விடுகிறான்.

பார்க்கப்போகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இது நடப்பதுதான். அவர்கள் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. தாராளமாகத் திட்டலாம்.

2. களியக்காவிளை_கணக்கு

காட்சி 3 நிற்காது. ஆகஸ்ட் 15 டாஸ்மாக் விடுமுறை. மற்ற நாளிலும் பகல் 12 மணிக்குத்தான் திறப்பார்கள், ராத்திரி 10க்கு அடைப்பார்கள். அன்றைக்குக் காலையில் கையில் பாட்டில் இருந்தால் முந்தின நாள் வாங்கி ஒளித்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கள்ளத்தனமாகக் கூடுதல் விலைக்கு வாங்கியது. 14ஆம் தேதி ராத்திரி கடை வாசலில் நிற்கும் வரிசையைக் காட்டுங்கள். நாளை லீவு என்று வசனம் வேண்டாம், வரிசையே சொல்லிவிடும்.

3. வார்டு_அக்கா

காட்சி 4-ஐ எடுத்துவிடுங்கள் தம்பி. படத்துக்கு மட்டும் கேடு என்றால் விட்டுவிடலாம். பார்த்துவிட்டு வீட்டில் செய்து பார்ப்பார்கள்.

மது மூளையை அமுக்கும். வருஷக்கணக்கில் அமுக்க அமுக்க, மூளை அதற்கு ஈடாகத் தன் முடுக்கத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். கதவில் தோளைக் கொடுத்து ஒருவன் தள்ளிக்கொண்டே இருக்கிறான், மறுபக்கம் சட்டென்று திறந்துவிட்டால் குப்புற விழுவான் இல்லையா? குடியைத் திடீரென்று நிறுத்துவது அப்படித்தான்.

மணிக்கணக்கு இது. கடைசி மடக்கு போய் 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, தூக்கம் வராமை. 12 மணி நேரம் தாண்டினால் சிலருக்குக் குரல் கேட்கும், உடம்பில் ஏதோ ஊரும். அப்போதும் ஆள் தெளிவாகத்தான் இருப்பான், எதிரில் நிற்பது அக்கா என்று தெரியும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு, 48 முதல் 96 மணி நேரத்துக்குள், டெலிரியம் ட்ரெமென்ஸ். வார்டில் டி.டி. என்போம். இடம், நேரம், ஆள் எதுவும் பிடிபடாது, காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். எல்லாருக்கும் இது வராது. நெடுநாள் நிறையக் குடித்தவர்களுக்கும், முன்பு ஒருமுறை நிறுத்தும்போது வலிப்போ டி.டி.யோ வந்தவர்களுக்கும்தான் வாய்ப்பு அதிகம்.

உங்கள் காட்சியில் முதல் ராத்திரி கத்திவிட்டு விடியும்போது தெளிகிறான். நிஜத்தில் அந்த விடியல்தான் ஆரம்பம்.

மாலை போடுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போட்டு அன்றைக்கே நிறுத்தினாலும், தவக்காலத் தொடக்கத்தில் சாம்பல் பூசிய கையோடு நிறுத்தினாலும், உடம்புக்கு அது விரதம் என்று தெரியாது. தினமும் காலையிலேயே குடிக்காவிட்டால் கை நடுங்குகிற நிலைக்கு வந்தவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

காட்சி 6, சாவிக்கொத்து. வலிப்பு தானாகவே ஒன்றிரண்டு நிமிடத்தில் நிற்கும். இரும்பால் நிற்பதில்லை. கையில் கூர்மையான எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம், அவன் கையிலோ வெட்டுக்கத்தி! செய்ய வேண்டியது: கத்தியை எட்டத் தள்ளு, தலைக்கடியில் சும்மாட்டுத் துண்டு வை, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் தண்ணீரோ விரலோ கரண்டியோ விடாதே, மணியைப் பார். 5 நிமிடம் தாண்டினாலும், இடையில் தெளியாமல் மறுபடி வந்தாலும் 108. ஒரு தரம் வந்து நின்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் அதன்பின் டி.டி. வரலாம்.

4. களியக்காவிளை_கணக்கு

அக்கா சொன்ன மணிக்கணக்கை வைத்துப் பார்த்தால் உங்கள் தேதியே கதையைக் கொடுக்கிறது. பூட்டு வேண்டாம்.

14 ராத்திரி 9:20. தம்பி குடித்துவிட்டு, மறுநாள் கடை இல்லை என்பதற்காக வாங்கிவைத்ததை விறகுப்புரையில் ஒளிக்கிறான். அக்கா கண்டுபிடித்து முற்றத்தில் கவிழ்க்கிறாள். 15 முழுக்கக் கடை இல்லை. 16 அதிகாலை 4:20க்குத் தோட்டத்தில் வலிப்பு. கடைசி மடக்கிலிருந்து 31 மணி நேரம். கடை திறக்க இன்னும் ஏழு மணி நாற்பது நிமிடம் இருக்கிறது.

பாசத்தில் கவிழ்த்த பாட்டில்தான் வலிப்பைக் கொண்டுவருகிறது. கெட்டவன் யாரும் தேவையில்லை.

5. ஒட்டுப்பால்

மருத்துவம் மற்றவர்கள் சொல்லட்டும். தோட்டத்தைப் பற்றி நான்.

பால்வெட்டு விடியுமுன். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மூன்று, நாலு மணிக்கே இறங்கிவிடுவார்கள். காரணம் உண்டு. அந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதல், பால் நீண்ட நேரம் ஓடும். வெயில் ஏறினால் சீக்கிரம் உறைந்து நின்றுவிடும். ஒரே மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவது வழக்கம். தோட்டத்தை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி வெட்டுகிறவனுக்குத் தினமும் வேலை இருக்கும். உங்கள் ஆளுக்கு ஒரே தோட்டம் என்றால் 14 வெட்டு, 15 ஓய்வு, 16 வெட்டு. மேலே கணக்கு போட்டவருக்கு வசதிதான்.

இப்போது முக்கியமானது. கை நடுக்கத்தைக் காட்ட டம்ளரை ஆட்டுவது எல்லாப் படத்திலும் உண்டு. உங்களிடம் மரம் இருக்கிறது. வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறக்குறைய 30 டிகிரி சரிவில், பாதி மரத்தைச் சுற்றி இறங்கும். ஒவ்வொரு வெட்டிலும் சீவி எடுப்பது ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைச் சுருள். ஆழம் இன்னும் நுணுக்கம். பால் குழல்கள் உள்பட்டையில்தான் அதிகம், அதனால் ஆழமாகப் போக வேண்டும். ஆனால் தடியை ஒட்டிய வளர்படலத்தில் கத்தி பட்டுவிடக் கூடாது. நடுவில் விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர் வாக்கில். பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். வருஷங்கள் கழித்து அதே பட்டைக்குத் திரும்பும்போது கத்தி ஓடாது.

நல்ல கையாளின் மரம் மழமழவென்று இருக்கும். நடுங்குகிற கைக்காரனின் மரத்தில் எந்த மாதத்திலிருந்து தகராறு என்று மேலிருந்து கீழே வாசித்துவிடலாம். மேலே வழுவழுப்பு, பிறகு அங்கொன்று இங்கொன்று, கீழே வர வரக் காயம். அக்கா வேறு எதையும் தேட வேண்டாம், பகலில் தோட்டத்துக்குள் போய் விரலால் அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தால் போதும். அப்பா வெட்டிய பழைய பட்டை மறுபக்கம் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு. ஆகஸ்டில் மழை உண்டு, வெட்டுக்கு மேலே ரெயின்கார்டு பிளாஸ்டிக் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பொய்த் தோட்டம். ரப்பர் ஷீட் அடிக்கிற வீடு என்றால் பால் உறைய வைக்கும் ஆசிட் கன்னாஸ் (கேன்) இருக்கும். குடியும் மனச்சோர்வும் உள்ள வீட்டில் அதைத் திறந்த புரையில் வைக்கக் கூடாது. கலை இயக்குநர் அழகுக்காக முன்னால் தூக்கி வைத்துவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா வந்த அன்றே அதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாகக் காட்டினால் ஒரு நொடி போதும், புரிகிறவர்களுக்குப் புரியும்.

6. குலசேகரம்_திரை

மரத்தை வாசிக்கிற காட்சிக்காகவே படம் எடுக்கலாம்போல் இருக்கிறது அண்ணே.

வார்டு அக்காவிடம்: பாம்பு தெரிவது தப்பா?

7. வார்டு_அக்கா

தப்பில்லை, பூச்சி, எறும்பு, சின்ன மிருகங்கள் தெரிவது உண்டுதான். படுக்கை விரிப்பைக் கிள்ளுவார்கள், காற்றில் நூல் பிடிப்பார்கள். ஆனால் பாம்பைப் பார்த்து அலறும் காட்சியை நடிகர்கள் சாமியாடுகிற மாதிரி ஆக்கிவிடுவார்கள்.

டி.டி.யில் இன்னொன்று உண்டு. ஆள் தன் தொழிலைச் செய்துகொண்டிருப்பான். டிரைவர் வளையம் பிடிப்பார், தையல்காரர் துணியை நகர்த்துவார். உங்கள் ஆள் விடியற்காலை நாலு மணிக்குக் கட்டில் கம்பியில் பட்டை சீவுவான். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். சீவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகப் பார்ப்பான், அது அடுத்த மரம். தடுத்தால் "நேரம் போகுது, பால் நின்னுரும்" என்று கோபப்படுவான். முகத்தில் வெறி வேண்டாம், வேலைக்காரனின் கவனம் இருந்தால் போதும். விளக்கை அணைத்தால் குழப்பம் கூடும் என்பதால் வார்டில் அந்தக் கட்டிலுக்கு மேலே ராத்திரியும் விளக்கு எரியும். இவனுக்கு அது நெற்றி விளக்கு.

ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். 16ஆம் தேதி வலிப்பு வந்ததும் ஒழுங்காகச் சேர்த்து, குளோர்டையசெபாக்சைடு மாதிரி மாத்திரையோ லோராசெபாம் ஊசியோ வேண்டிய அளவில் கொடுத்திருந்தால் பெரும்பாலும் இது வராது. ஆகவே இந்தக் காட்சி வேண்டுமென்றால் குடும்பம் தாமதிக்க வேண்டும். வலிப்பு நின்றுவிட்டது, ஆள் எழுந்து சாயா குடித்துவிட்டான், அருகில் ஒரு கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், வீட்டுக்கு வந்தாயிற்று. 17 ராத்திரி உளற ஆரம்பித்தபின்தான் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி. 18 விடியற்காலை நாலு மணி என்றால் கடைசி மடக்கிலிருந்து 78 மணி நேரம் சொச்சம். கணக்கு சரியாக விழுகிறது.

அந்தக் குளுக்கோஸும் ஒரு தப்புதான். நெடுநாள் குடித்தவர்களுக்குத் தயமின், அதாவது பி1, தீர்ந்துபோயிருக்கும். சரியாகச் சாப்பிடவும் மாட்டார்கள். குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும், மிச்சம் இருப்பதும் அதில் செலவாகிவிடும். கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, மனம் குழம்பும். அது நிரந்தரமாகவும் நின்றுவிடலாம். ஆகையால் தயமின் ஊசி முதலில், அல்லது குளுக்கோஸோடு சேர்த்தே. படத்தில் யாரும் இதை விளக்க வேண்டாம். கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்கிற முதல் கேள்விகளில் இது இருக்கட்டும்: "வெளிய டிரிப் போட்டாங்களா?"

அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. "கடைசியா எப்போ குடிச்சார்? எவ்வளவு?" கூட வருகிறவர்களில் அனேகம் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். உங்கள் அக்காவுக்கு அது தெரிந்திருக்கட்டும்.

8. மருந்துக்கடை_மார்த்தாண்டம்

காட்சி 10, மீன்கறியில் மாத்திரை. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் 'தெரியாமல் கொடுக்கலாம்' விளம்பரத்தைப் படமாக எடுத்த மாதிரி இருக்கிறது.

நீங்கள் சொல்லும் மாத்திரை டைசல்பிராம். மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு ஆகும், பிறகு அது உடையும். இந்த மருந்து இரண்டாவது படியை அடைத்துவிடும். அசிட்டால்டிஹைடு தேங்கும்: முகம் சிவக்கும், தலை வெடிக்கும், வாந்தி, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் விழும். இருதயக்காரனுக்கு உயிர் போகவும் வழியுண்டு. அதனால்தான் ஆளுக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுக்கிற மருந்து அது. வழக்கமான அளவு நாளுக்கு 250 மில்லிகிராம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். தெரியாமல் சாப்பிட்டவன் வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் முழுதாகப் போடுவான். 180 மில்லியில் 42.8 சதவீதம், சுத்த மது மட்டும் 61 கிராம் வாக்கில். அத்தனைக்கும் சேர்த்து எதிர்வினை வரும்.

தெரிந்து சாப்பிடுகிறவனுக்கும் நம் ஊரில் ஒரு பொறி உண்டு, அரிஷ்டம். தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் நொதித்து உண்டாகும் மது இருக்கிறது. உடம்பு தேறட்டும் என்று அம்மா இரண்டு அவுன்ஸ் ஊற்றிக்கொடுப்பாள். முகம் சிவந்ததும் "திரும்பவும் குடிச்சிட்டு வந்திருக்கான்" என்று வீடே திட்டும். அவன் குடித்திருக்க மாட்டான். மீன்கறிக் காட்சிக்குப் பதில் இதை வையுங்கள். சில இருமல் டானிக்கிலும் இதே தொல்லை.

9. திரைப்பித்தன்_கொளச்சல்

கதையைக் கடிகாரத்தில் கட்டுவது நல்ல யோசனை. 2020இல் வந்த 'ஃபோர் குட் டேஸ்' படம் அப்படித்தான். ரோட்ரிகோ கார்சியா இயக்கியது. கிளென் க்ளோஸ் அம்மா, மிலா கூனிஸ் மகள், போதை ஹெராயின். ஓர் ஊசி போட வேண்டும், அதற்கு மகள் இன்னும் நாலு நாள் சுத்தமாக இருக்க வேண்டும், அந்த நாலு நாள்தான் கதை. அதேபோல இங்கேயும் "நாலு நாள் தாண்டினால் ஊசி" என்று வைக்கலாமே?

10. மருந்துக்கடை_மார்த்தாண்டம்

வைக்கக் கூடாது. அந்த நாலு நாளுக்குக் காரணம் ஹெராயின். நால்ட்ரெக்சோன் வகை மருந்து, ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை) உட்காரும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். உடம்பில் ஹெராயின் மிச்சம் இருக்கும்போது போட்டால் மொத்த வித்டிராயலும், அதாவது நிறுத்தும்போது வரும் தொல்லைகள் எல்லாம், ஒரே அடியாக வரும். அதனால் ஒரு வாரம் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

மதுவுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. இதே நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் மாத்திரையாகக் குடி ஆசையைக் குறைக்கத் தருவார்கள், ஈரல் பரிசோதனை பார்த்துவிட்டு. குடித்தால் வாந்தி வராது, குடியின் ருசி மட்டும் மங்கும். ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: முதுகுவலிக்கு டிரமடால் சாப்பிடுகிறானா? அதுவும் ஓபியாய்டுதான். குனிந்து நிமிர்ந்து வெட்டுகிறவர்கள், கேட்காமல் விடக் கூடாது.

ஆங்கிலப் படத்தில் நாட்கள் முன்னோக்கி எண்ணப்படும். இங்கே கடைசி மடக்கிலிருந்து எண்ண வேண்டும். கடிகாரம் வேறு.

11. வக்கீல்_பத்மநாபபுரம்

காட்சி 7. மதுவால் வரும் மனநிலைக் கோளாறுகளும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வரும். பிரிவு 95: சங்கிலியால் பிணைப்பது எந்த வடிவிலும் கூடாது. 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் இருந்தபடியே தீயில் 28 பேர் இறந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

சம்மதிக்க முடியாத நிலையில் ஒருவரைச் சேர்க்க வழி இருக்கிறது, பிரிவு 89. நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளி சார்பில் முடிவெடுக்கிறவர், விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அதிகபட்சம் 30 நாள், பிறகு நீட்டிக்க வேண்டுமென்றால் வேறு நடைமுறை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் பிரிவு 94-ன்படி எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை கொடுக்கலாம். உங்கள் கதையில் 17 ராத்திரி நடப்பது அந்த வகை. வேன் ஆட்கள் வேண்டவே வேண்டாம், 108 வந்தால் சரி. "கையெழுத்து யார் போடுவது" என்று அம்மாவும் அக்காவும் நிற்கிற அரை நிமிடத்தைக் காட்டுங்கள். அம்மாவுக்குக் கைநாட்டு என்றால் மை தேடுகிற நேரமும் சேர்த்து.

12. திரைப்பித்தன்_கொளச்சல்

எல்லாரும் சேர்ந்து படத்தைச் சுகாதாரத் துறை துண்டுப்பிரசுரம் ஆக்கிவிட்டீர்கள். தயமின், பிரிவு 94, டிரமடால்... பாசம் எங்கே போயிற்று?

13. வார்டு_அக்கா

"நேத்து ராத்திரி இல்ல டாக்டர், 14 ராத்திரி ஒம்பது இருபது. அரை பாட்டில், அதுலயும் கொஞ்சம் வாந்தி எடுத்துட்டான்" என்று ஒருத்தி சொன்னால் அதில் பாசம் இல்லையா? சரியான பதில் இருந்தால் டாக்டர் மருந்தின் அளவைச் சரியாகப் போடலாம். எத்தனை பாட்டு வைத்தாலும் இது வராது.

14. திரைப்பித்தன்_கொளச்சல்

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்த ஒரு கேள்விக்காக முன்னால் எல்லாவற்றையும் அடுக்க வேண்டும். அவள் 14ஆம் தேதி ராத்திரி ஏன் மணி பார்த்தாள் என்பது தெரிய வேண்டும். சுவர்க் கடிகாரம் வேண்டாம், பழைய உத்தி. டி.வி.யில் ஏதோ சீரியல் முடிகிற சத்தம், அல்லது கடைசி பஸ் போகிற சத்தம்.

15. குடும்பக்குழு_நாகர்கோவில்

இன்னும் யாரும் தொடாத இடம்: அக்காவின் பாசத்தில் எது அவனைத் தூக்குகிறது, எது குடியைத் தூக்குகிறது?

குடிநோயாளி வீட்டில் நடப்பவை இவை. தோட்டக் கண்காணிக்குப் போன் பண்ணி "அவனுக்குக் காய்ச்சல்" என்பாள். பெட்டிக்கடைக் கடனை அடைப்பாள். விழுந்து கிடந்த இடத்தை விடியுமுன் கழுவிவிடுவாள், அண்டை வீட்டார் பார்க்காமல். மூன்றும் மானத்துக்காகச் செய்வது. மூன்றுமே குடியின் விலையை அவனுக்குப் பதில் அவள் கட்டுவது. காட்சி 2-இல் அவள் கண்காணிக்குப் பொய் சொல்லட்டும். 16ஆம் தேதி காலையில் அதே கண்காணியிடம் "குடிச்சு குடிச்சு வலிப்பு வந்துட்டு" என்று சொல்லட்டும். அந்த இரண்டு போனுக்கும் நடுவில்தான் அவள் மாறுகிறாள்.

பேசுகிற நேரமும் முக்கியம். உங்கள் வசனத்தில் குடித்துவிட்டு வரும்போதுதான் அக்கா அழுகிறாள். அப்போது சொல்வது எதுவும் மறுநாள் அவனுக்கு ஓர்மை இருக்காது. பால் எடுத்து முடித்து வருகிற பதினொரு மணிதான் சரியான நேரம். போதை இல்லை, கடை திறக்க ஒரு மணி நேரம். ஆனால் கை நடுங்கிக்கொண்டிருக்கும், பொறுமை இருக்காது, அதனால் பேச்சு சிறுசாக இருக்க வேண்டும். 'நீ எப்பவும்', 'உன்னால குடும்பமே' என்று ஆரம்பிக்கக் கூடாது. நடந்த ஒன்று, அதில் தனக்கு என்ன ஆயிற்று, தன்னால் என்ன செய்ய முடியும், அவ்வளவுதான். "நேத்து நீ ஓடைப் பக்கம் கெடந்தே. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா நான் கூட வாறேன்." பதில் சொல்லாமல் போவான். போகட்டும்.

அடிதடி இருக்கிற வீடு என்றால் இந்த ஆலோசனை எதுவும் பொருந்தாது. அங்கே முதல் வேலை வெளியேறுவது, பெண்கள் உதவிக்கு 181. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம்.

குடும்பத்தாருக்கான கூட்டத்தைக் காட்டுவதாக இருந்தால்: அல்-அனான் 1951இல் தொடங்கியது, குடிக்கிறவர்களுக்கான ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) 1935இலேயே. இரண்டும் வேறு வேறு. அக்கா போக வேண்டியது முதலாவது. அங்கே முழுப்பெயர் சொல்ல மாட்டார்கள், அதனால் நிஜக் கூட்டத்தில் கேமரா வைக்கக் கேட்காதீர்கள். பத்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பள்ளிக்கூட அறை போதும். அங்கே அடிக்கடி சொல்வது: நான் உண்டாக்கியதில்லை, என்னால் அடக்க முடியாது, என்னால் குணமாக்க முடியாது. பாட்டிலைக் கவிழ்த்ததால்தான் வலிப்பு என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கும் அக்காவுக்கு முதல் வரி எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

16. தோவாளை_வசனம்

சின்ன விஷயம். குலசேகரத்து அம்மா நாகர்கோவில் அம்மா மாதிரி பேச மாட்டாள். மகனை 'மக்களே' என்பாள், இன்னும் மேற்கே போனால் 'மோனே'. தண்ணீருக்கு 'வெள்ளம்'. விளவங்கோடு பக்கம் மதுவுக்கும் அதே சொல்தான், குடிப்பதை 'வெள்ளமடி' என்பார்கள். "இத்திரி வெள்ளம் குடிச்சிட்டு போ மக்களே" என்று அம்மா செம்பை நீட்டினால் தியேட்டரில் ஒரு பகுதி சிரிக்கும், இன்னொரு பகுதி சிரிக்காது. இரண்டுமே சரி.

17. குலசேகரம்_திரை

திருத்திய வடிவம்:

2: 14 காலை, அக்கா கண்காணியிடம் காய்ச்சல் என்று பொய். 3: அன்று ராத்திரி கடை வரிசை, பாட்டில் ஒளிப்பு. கடைசி பஸ் போகும் சத்தத்தோடு அக்கா கவிழ்க்கிறாள். 4: 15, அக்கா தோட்டத்தில் பட்டையைத் தடவுகிறாள், ஆசிட் கன்னாஸ் அடுத்த வீட்டுக்கு. பதினொரு மணிப் பேச்சு. தம்பி போய்விடுகிறான், கடை இல்லை, திரும்பி வருகிறான். 6: 16, 4:20, வலிப்பு. சாவி இல்லை. கிளினிக், குளுக்கோஸ், வீடு. இரண்டாவது போன். 7: 17 ராத்திரி, 108, கைநாட்டு. கேள்வி, பதில். 8: 18 விடியல், கட்டில் கம்பியில் பால்வெட்டு. 9: 19, அவனுக்கு அக்காவை அடையாளம் தெரிகிறது. அங்கேயே முடிக்கிறேன். காட்சி 10 போயிற்று. அரிஷ்டம் இடம் கிடைக்காமல் நிற்கிறது, அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

18. வார்டு_அக்கா

19இல் முடிப்பது நல்லது. போதை நீக்கச் சிகிச்சை முடிந்தது என்றால் குடிநோய் முடிந்தது என்று அர்த்தமில்லை, ஒரு வார மாத்திரையில் நடுக்கம்தான் போகும். மேலே காட்டினால் பொய் சொல்ல நேரும்.

9-இல் ஒரு திருத்தம். டி.டி. தெளிந்தவனுக்கு நடந்தது பெரும்பாலும் நினைவிருக்காது. கம்பியில் வெட்டியதும் தெரியாது. அக்காவிடம் "இன்னைக்கு என்ன தேதி, வெட்டு உண்டா?" என்று கேட்பான்.

19. ஒட்டுப்பால்

உண்டு என்று சொல்லக் கூடாது. 19 ஒற்றைநாள், உங்கள் கணக்கில் 14, 16, 18தான் வெட்டு. அக்கா அதையும் சரியாகச் சொல்வாள் என்று நினைக்கிறேன்.

படப்பிடிப்பை மார்கழி, தைக்குத் தள்ளாதீர்கள். இலை கொட்டித் தோட்டம் மொட்டையாக நிற்கும், ஆகஸ்ட் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பட்டைக் காட்சிக்குக் காயமுள்ள மரம் தேடும்போது சும்மா கத்தியால் கீறி உண்டாக்கிவிடவும் கூடாது. புதுக் காயத்தில் பால் வழியும், பழைய காயம் மேடுதட்டி இருக்கும், தோட்டக்காரனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மரம் மாற்றி நடப்போகிற பழைய தோட்டத்தில் கேளுங்கள், வேண்டிய மாதிரி கிடைக்கும்.